தெற்கே ஜன்னல் இல்லாத பசுமை வீடு

செங்குட்டுவன் உங்கள் வீட்டுக்கு வந்தால், நலம் விசாரித்த கையோடு சுவரைத் தட்டிப் பார்ப்பார். "செங்கல்லா? ஐயையோ, ஒரு செங்கல்லைச் சுடறதுக்கு எவ்வளவு எரிக்கணும் தெரியுமா?" என்று கேட்டுவிட்டு, நீங்கள் ஏதோ கொலைக்குத் துணைபோனவர் என்கிற மாதிரி ஒரு பார்வை பார்ப்பார். பூமியைக் காப்பாற்றும் பொறுப்பு அவரிடம் வந்து சேர்ந்து இரண்டு வருஷம்தான் ஆகிறது. அதற்கு முன்னால் முப்பது வருஷத்துக்கும் மேலாக அவர் அதே பூமியைத் தோண்டிக்கொண்டிருந்தார்.

நெய்வேலிச் சுரங்கத்தில் பக்கெட் வீல் ஆபரேட்டர் வேலை. பல மாடி உயரத்துக்கு நிற்கும் இயந்திரம் அது. முன்னால் ராட்டினம் போல ஒரு சக்கரம், சக்கரம் முழுக்கப் பல் வைத்த வாளிகள். அது ஒரு பக்கமாக நகர்ந்து போனால் வயல், வரப்பு, முந்திரித் தோப்பு, பிள்ளையார் கோயில் மேடு எல்லாம் ஒரே நிறத்து மண்ணாகி பெல்ட்டில் ஏறிப் போய்விடும். மேலே கேபினில் உட்கார்ந்து செங்குட்டுவன் கைப்பிடியைத் தள்ளுவார். ஷிப்ட் முடிந்தால் இறங்கி வந்து டீ குடிப்பார். அதில் அவருக்கு எந்த உறுத்தலும் இருந்ததில்லை. பெர்மனன்ட் வேலையில் இருப்பவனுக்கு உறுத்தல் எதற்கு?

வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து குவார்ட்டர்ஸ் வாசம். மூன்று முறை பிளாக் மாறினார், ஆனால் வீடு மாறியதாகச் சொல்ல முடியாது. ஒரு டைப் வீடுகள் அத்தனையும் ஒரே அச்சு. கண்ணை மூடிக்கொண்டு கையை நீட்டினால் சுவிட்ச் அதே இடத்தில் இருக்கும். வாசல் வடக்கே, கொல்லை தெற்கே. இரட்டை வீடுகள் என்பதால் மேற்குச் சுவர் பக்கத்து வீட்டுக்காரருக்கும் பொது. அதில் ஜன்னல் கிடையாது. கனத்த சுவர், உயர்ந்த கூரை, கூரையை ஒட்டிச் சூடான காற்று வெளியேற சின்னச் சின்னத் திறப்புகள், சுற்றிலும் புங்கமும் வேம்பும். கத்திரி வெயிலில் ஷிப்ட் முடித்து வந்து சிமெண்டுத் தரையில் படுத்தாலே தூக்கம் வந்துவிடும். இதையெல்லாம் யாரோ உட்கார்ந்து யோசித்துக் கட்டியிருப்பார்கள் என்று அவர் ஒருநாளும் நினைத்ததில்லை. வீடு என்று ஒன்று இருந்தால் அது அப்படித்தான் இருக்கும் என்பது அவர் எண்ணம்.

ரிட்டயர் ஆகப் போகிற சமயத்தில், ஓய்வு பெறுகிறவர்களுக்கென்று ஒரு சங்கம் இரண்டு நாள் வகுப்பு நடத்தியது. தலைப்பு, பசுமைக் கட்டடம் கட்டுவது எப்படி. ஏசி போட்ட மண்டபம். குளிர் தாங்காமல் பாதிப் பேர் தலையில் கைக்குட்டை கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். ஆளுக்கொரு பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில். பாடம் எடுத்தவர் புதுச்சேரியிலிருந்து வந்த இளவழகன், கோட்டும் டையும் போட்டவர். 'பசுமை இல்ல நண்பர்கள் வட்டம்' என்று ஒன்று வைத்து நடத்துகிறார். நல்ல பேச்சு. வெயில் வரும் திசை, காற்று வரும் திசை, மரநிழல் இந்த மூன்றையும் பார்த்துக் கட்டினாலே பாதிப் பசுமை வந்துவிடும், அதற்குக் காசே செலவில்லை என்று அருமையாகச் சொன்னார். துரதிர்ஷ்டவசமாக அதைச் சாப்பாட்டுக்குப் பிறகு சொன்னார். அன்றைக்குச் சாப்பாடு பிரியாணி.

செங்குட்டுவன் கண் விழித்தபோது, சூளையில் சுடாமல் அனல்மின் நிலையச் சாம்பலில் செய்கிற சாம்பல் கல்லும் சோலாரும் ஓடிக்கொண்டிருந்தன. அவற்றை அப்படியே பிடித்துக்கொண்டார். சாம்பல் கல், சோலார் பலகை, தண்ணீர் மிச்சம் பிடிக்கும் குழாய், வெயிலைத் திருப்பி அனுப்பும் பெயிண்ட் என்று கடையில் கிடைக்கிற சமாச்சாரம் ஒன்றுவிடாமல் மனப்பாடமாயிற்று. கடையில் கிடைக்காத மூன்றும் குறட்டையோடு போயின. கடைசியில் இளவழகன், யார் வீடு சிறந்த பசுமை வீடாகத் தேர்வாகிறதோ அவர் வாசலில் எங்கள் வட்டத்தின் பித்தளைப் பலகை தொங்கும் என்றார். செங்குட்டுவனுக்கு வாழ்க்கையில் வாசலில் தொங்கிய பலகையெல்லாம் குவார்ட்டர்ஸ் நம்பர்தான். பேர் போட்ட பலகை என்றதும் மனுஷன் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

டவுன்ஷிப் எல்லை தாண்டி, பண்ருட்டி போகும் சாலையிலிருந்து உள்ளே திரும்பினால் ஒரு புது நகர். அங்கே பட்டம்மாள் என்பவளிடம் மனை வாங்கினார். வளையமாதேவிப் பக்கம் இருந்த பூர்வீக நிலம் சுரங்கத்துக்குப் போன பிறகு, பட்டம்மாள் குடும்பம் இங்கே வந்து மனை போட்டு உட்கார்ந்திருந்தது. ரோட்டுக்கு அந்தப் பக்கம் ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட அவள் வீடு, வாசலில் ஒரு பெரிய பலா. இந்தப் பக்கம் விற்க வைத்த மனை, அதன் முகப்பிலும் ஒரு பலா. வாய் நீளம் அவளுக்கு.

"மைன்ஸ்ல இன்னா வேல சார் உங்களுக்கு?"

"பக்கெட் வீல் ஆபரேட்டர்."

"அப்ப எங்க நெலத்த வாரிகினு போனது நீங்கதானா! நல்லதாப் போச்சு, தெரிஞ்ச மனுசராப் போயிட்டீங்க." அவள் சிரித்தாள். அவருக்குத்தான் சிரிப்பு வரவில்லை. "மன உங்களுது சார். அந்த மரத்த மட்டும் வெட்டாதீங்க. வருசா வருசம் மொத காய் எனக்குக் குடுத்துடணும். அவ்ளதான் நான் கேக்கறது."

பத்திரத்தில் எழுதாத பேச்சு. அந்தப் பக்கத்தில் பலாமரத்தோடு மனை கைமாறினால் இப்படி ஒரு வார்த்தை கேட்பார்கள், வாங்குகிறவர் சரி என்பார், வருஷம் தவறாமல் காய் போய்ச் சேரும். செங்குட்டுவன் வாயைத் திறக்கவில்லை. தலையை ஆட்டினார். மேலும் கீழுமா, பக்கவாட்டிலா என்று பிற்பாடு யாரும் சாட்சி சொல்ல முடியாதபடி ஓர் ஆட்டம்.

வீட்டுக்குப் பிளான் என்று அவர் யாரிடமும் போகவில்லை. தெரிந்த வீடு ஒன்றுதானே? குவார்ட்டர்ஸை அளந்து எழுதி மேஸ்திரி வேணுவிடம் கொடுத்துவிட்டார். அங்கே ரோடு வடக்கே இருந்தது, இந்த மனைக்கு ரோடு மேற்கே. அதற்கென்ன, வாசலை ரோட்டுப் பக்கம் வைத்தால் போயிற்று என்று வீட்டை மொத்தமாகத் திருப்பி மேற்கே பார்க்க வைத்தார்கள். வடக்குக் காற்றுக்காக வைத்த பெரிய ஜன்னல்கள் எல்லாம் சாயங்கால வெயிலுக்கு நேர் எதிரே வந்து நின்றன. பக்கத்து வீட்டோடு ஒட்டிய மொட்டைச் சுவர் தெற்கே வந்தது. தெற்கே வீடும் இல்லை, ஒன்றும் இல்லை, முந்திரிக் கொல்லைதான்.

வேணு ஒரு தரம் கேட்டார். "சார், இந்தத் தெக்குச் சுவத்துல ஒரு ஜன்னல் வுட்டுடலாமா?"

"குவார்ட்டர்ஸ்ல அந்தச் சுவர்ல ஜன்னல் இருந்துச்சா?"

"இல்லீங்க."

"அப்புறம்?"

வேணுவுக்கு அதற்கு மேல் அக்கறை கிடையாது. ஜன்னல் இல்லாவிட்டால் வேலை சீக்கிரம் முடியும். அவருக்கு அடுத்த வீட்டு வேலை காத்துக்கொண்டிருந்தது. கூரையை மட்டும் குவார்ட்டர்ஸை விடத் தாழ்த்திக்கொண்டார்கள். அப்போதுதான் சாமான் மிச்சம், சாமான் மிச்சம் என்றால் பசுமை என்று செங்குட்டுவன் விளக்கம் சொன்னார். கூரையை ஒட்டிய திறப்புகளை அடைத்துவிட்டார்கள், ஏசி காற்று வீணாகக் கூடாதல்லவா.

கடைசியில் சோலார் வந்தது. மாட்டுகிற ஆள் மேலே ஏறிப் பார்த்துவிட்டு, மதியத்துக்கு மேல் பலா நிழல் பலகை மேல் விழும் என்றார். செங்குட்டுவன் மரத்தை அண்ணாந்து பார்த்தார். காய்ப்புக்கு வந்த மரம், அடியிலேயே பிஞ்சு விட்டிருந்தது. மறுநாள் ரம்பத்தோடு ஆள் வந்தது. முப்பது வருஷம் கைப்பிடியைத் தள்ளிப் பழகிய மனுஷருக்கு ஒரு மரம் எம்மாத்திரம்? சூரியனைத் தடுக்கிறது, சூரியன்தான் எதிர்காலம் என்றார்.

மரம் சாய்ந்த சத்தத்துக்குப் பட்டம்மாள் ரோட்டுக்கு வந்தாள். திட்டுவாள் என்று எதிர்பார்த்தார். அவள் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு விழுந்த மரத்தைப் பார்த்துவிட்டு, "பயக்கம் போவல உங்களுக்கு," என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனாள். அவருக்கு அது திட்டை விடக் கசந்தது. ஆனாலும் விளக்கம் தயாராக இருந்தது. ஒரு மரத்துக்குப் பதில் பத்துத் தொட்டிச் செடி வைக்கப் போகிறேன் என்று, கேட்காத ரோட்டைப் பார்த்துச் சொன்னார்.

குடிபோன அன்று அவர் மனைவி மலர்கொடி வீடு முழுக்க ஒருதரம் நடந்து பார்த்தாள். மேல்பட்டாம்பாக்கத்துப் பெண், அனாவசியமாகப் பேச மாட்டாள். ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறவள், வெயில் பட்டால் தலை சுற்றிக் கீழே உட்கார்ந்துவிடுவாள். தை மாதத்துக் குளிர்ச்சியிலேயே மேற்கு ஜன்னல் கம்பியைத் தொட்டுப் பார்த்துக் கையை எடுத்துக்கொண்டாள்.

"ஏங்க, ஒரு கோட பாக்கறேன். தாங்குச்சின்னா இருக்கறேன். தாங்கலன்னா எங்கண்ணன் வூட்டுக்குப் போய்டுவேன். அப்பறம் கூப்புடக் கூடாது."

"பசுமை வீடு மலரு, இது. இயற்கையாவே குளிர்ச்சியா இருக்கும்."

"பாப்பம்," என்றாள் அவள்.

இதற்குப் பிறகு செங்குட்டுவனுக்குப் பித்தளைப் பலகை இரண்டாம் பட்சமாகிவிட்டது என்று சொல்ல ஆசைதான். சொல்ல முடியாது. இரண்டையும் ஒன்றாகவே நினைத்துக்கொண்டார். பலகை வந்துவிட்டால், வீடு குளிர்ச்சி என்று அதிகாரபூர்வமாக ஆகிவிடும், மலர்கொடியும் ஒப்புக்கொள்ள வேண்டியதுதான் என்று கணக்குப் போட்டார். வீடு பார்க்க வருகிற படித்த கமிட்டி சொன்ன பிறகு ஒரு பொம்பளைக்கு எப்படி வேர்க்கும்?

வேர்த்தது. மாசி முடிவதற்குள் ஹாலில் உட்கார முடியவில்லை. பங்குனியில் ஃபேன் போட்டால் அடுப்படிக் காற்று வந்தது. தெற்கே தென்றல் சுவரில் முட்டிவிட்டு முந்திரிக் கொல்லைக்கே திரும்பிப் போனது. ஏசி ஒன்று வந்தது, பிறகு இன்னொன்று வந்தது. சாம்பல் ஏற்றிய லாரிகள் போகிற ரோடு. சோலார் மேல் தினமும் தூசு படியும். விடிந்தால் செங்குட்டுவன் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு மாடிக்குப் போய், சொட்டுச் சொட்டாக விழுகிற சிக்கனக் குழாயில் வாளி நிரம்புவதற்குக் காத்திருந்து, பலகைகளைக் குளிப்பாட்டுவார். மழைநீர்க் குழி மழைக்குக் காத்திருந்தது. தொட்டிச் செடிகள் பத்தில் கற்றாழை மட்டும் பிழைத்தது, அதுவும் ஒரு ஓரமாகக் கருகி. ஏசி ஓடும்போது சோலார் போதாமல் லைனிலிருந்துதான் மின்சாரம் வரும். தான் தோண்டிய நிலக்கரியே கம்பி வழியாகத் தேடி வந்து தன் பசுமை வீட்டைக் குளிர வைக்கிறது என்பது அவருக்குத் தெரியாமல் இல்லை. அதை நினைக்காமல் இருக்கப் பழகிக்கொண்டார்.

சித்திரையில் மலர்கொடி ஒரு வழக்கம் வைத்துக்கொண்டாள். சமையலை முடித்ததும் கதவைச் சாத்திக்கொண்டு ரோட்டைத் தாண்டிப் பட்டம்மாள் வீட்டுப் பலா நிழலுக்குப் போய்விடுவாள். விளக்கு வைக்கிற நேரத்துக்குத்தான் திரும்புவாள். ஊரில் யாராவது கேட்டால், அவளுக்கு அங்கே பேச்சுத்துணை என்று செங்குட்டுவன் சொல்லுவார்.

செங்குட்டுவன் போட்டிருந்த மனுவின்பேரில் அக்னி நட்சத்திரத்தில் ஒருநாள் இளவழகன் கமிட்டியோடு வந்து இறங்கினார், கூட இரண்டு பேர். நேரம் பார்த்து வந்தார்களோ என்னவோ, மூன்று மணி. செங்குட்டுவன் இரண்டு ஏசியையும் காலையிலிருந்தே ஓடவிட்டு, வீட்டைப் பதப்படுத்தி வைத்திருந்தார். அவர்கள் உட்கார்ந்து, சாம்பல் கல்லைத் தட்டிப் பார்த்து, "ஆகா, இயற்கையான குளிர்ச்சி," என்று சொல்லி வாயை மூடவில்லை, மின்சாரம் போயிற்று.

டவுன்ஷிப்பில் இருந்த அத்தனை வருஷத்தில் மின்சாரம் போனதாக அவருக்கு நினைவில்லை. இங்கே அடிக்கடி போகும். லைனில் மின்சாரம் இல்லையென்றால் லைனோடு சேர்த்துக் கட்டிய சோலாரும் நின்றுவிடும் என்பதும் இங்கே வந்துதான் தெரிந்துகொண்டார். மேலே சூரியன் தகதகவென்று எரிந்துகொண்டிருக்க, கீழே ஃபேன் சுற்றி ஓய்ந்து நின்றது. மேற்கு ஜன்னல் வழியாக வெயில் உள்ளே வந்து சோபாவில் உட்கார்ந்துகொண்டது. இளவழகன் முதலில் டையைத் தளர்த்தினார், பிறகு கோட்டைக் கழற்றினார். கூட வந்தவர்களில் ஒருவர் எழுந்து தெற்குச் சுவர் முழுக்க ஜன்னல் தேடிவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"சார், வெளிய எங்கயாவது ஒக்காந்து மதிப்பெண் போட்டுடுவோமா?" என்றார் இளவழகன்.

வெளியே என்றால் ஒரே இடம்தான். கமிட்டி ரோட்டைத் தாண்டிப் பட்டம்மாளின் பலா நிழலில் போய் உட்கார்ந்தது. அங்கே ஏற்கெனவே மலர்கொடி பலாச்சுளை எடுத்துக்கொண்டிருந்தாள், கையில் எண்ணெய் தடவிக்கொண்டு. பட்டம்மாள் ஒரு தட்டில் சுளை வைத்து நீட்டினாள். தெற்கிலிருந்து காற்று தங்குதடையில்லாமல் வந்தது. இளவழகன் கண்ணை மூடிக்கொண்டு, "இதுதாங்க. இதைத்தான் நான் வகுப்புல சொல்றது," என்றார்.

செங்குட்டுவனுக்கு அந்தப் பாடம் புதிதாக இருந்தது.

மலர்கொடி சுளையிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டாள். "காத்து, நெழலு, ஒசந்த கூர, தடிமன் சுவரு. இதெல்லாம்தான் சொல்லித் தர்றீங்களா சார்?"

"ஆமாம்மா."

"அதெல்லாம் எங்க குவார்ட்டர்ஸ்ல இருந்துச்சே. இவரு அதுலதான முப்பது வருசமாப் படுத்துகினு இருந்தாரு."

கமிட்டியில் யாரும் சிரிக்கவில்லை. வாயில் சுளை இருந்தது. அதற்காகப் பலகை கிடைக்காமல் போனது என்று நினைத்துவிடாதீர்கள். கிடைத்தது. வந்தது வந்தாயிற்று, பலகையும் காரில் இருக்கிறது, திருப்பி எடுத்துப் போவானேன்? சாம்பல் கல் இருக்கிறது, சோலார் இருக்கிறது, சிக்கனக் குழாய் இருக்கிறது. கோட்டை மாட்டிக்கொண்டு இளவழகன் பலகையைக் கொடுத்தார். வீட்டு முன்னால் போட்டோ எடுக்கலாம் என்று அழைத்தபோது, முன்சுவர் பக்கம் அரை நிமிஷம்கூட நிற்க முடியவில்லை. பசுமை வீட்டு விருதுப் படத்தைப் பட்டம்மாளின் பலாவுக்குக் கீழேயே எடுத்துக்கொண்டார்கள். படத்தில் செங்குட்டுவன் சிரிக்கிறார், பின்னால் காய்கள் தொங்குகின்றன. மலர்கொடி படத்தில் இல்லை.

அவள் வீட்டுக்குள் போயிருந்தாள். கமிட்டியின் கார் கிளம்பியதும் பையோடு வெளியே வந்தாள். அழுகை இல்லை, சண்டை இல்லை. காய்கறி வாங்கப் போகிறவள் மாதிரி செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டாள்.

"பலகை குடுத்திருக்காங்க மலரு," என்றார் அவர்.

"பலகயோட இருங்க. எனக்குத் தல சுத்துது." பண்ருட்டி பஸ் வருகிற நேரம். வேகமாகப் போனாள்.

பித்தளைப் பலகையைக் கையில் வைத்துக்கொண்டு செங்குட்டுவன் ஹாலில் நின்றார். மின்சாரம் இன்னும் வரவில்லை. பலகை கூடச் சுட்டது. அவளைத் திரும்ப அழைக்க வாய் வரவில்லை. அப்படி அழைப்பதற்கு அவரிடம் என்ன இருக்கிறது, இந்த உலைக்களம் தவிர? வெட்கமாக இருந்தது, பயமாகவும் இருந்தது. இந்த வயதில் தனியாகக் கஞ்சி வைத்துக் குடிப்பதை நினைத்துப் பார்த்தார். பலகையை மாட்டலாம் என்று எடுத்து வைத்திருந்த சுத்தியும் உளியும் மேஜை மேல் இருந்தன. எடுத்துக்கொண்டு நேரே தெற்குச் சுவருக்குப் போனார்.

ஊரையே தோண்டியவர் தன் வீட்டில் அன்றைக்குத்தான் முதல்முறையாகத் தோண்டினார். கேபின் இல்லை, கைப்பிடி இல்லை, வெறும் கை. சாம்பல் கல் லேசில் விடவில்லை. சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு அடித்தார். முதல் கல் வெளியே விழுந்ததும் அந்தப் பொந்து வழியாக முந்திரிக் கொல்லையின் காற்று நேராக அவர் முகத்தில் வந்து அடித்தது. முகத்தை எடுக்காமல் ஒரு மூச்சு இழுத்துக்கொண்டார். பிறகு இன்னும் வெறியாக அடித்தார். இருட்டுவதற்குள் ஓர் ஆள் தலையை நீட்டுகிற அளவுக்கு ஓட்டை விழுந்துவிட்டது. மேல்பட்டாம்பாக்கத்துக்குப் போன் போட்டார்.

"மலரு, தெக்கால ஜன்னல் வெச்சிட்டேன். காத்து வருது. கேட்டியா, இந்தச் சத்தம் காத்துதான்."

"எவ்ளோ பெருசு?"

"தலை நுழையும்."

"ஜன்னல் கதவு போடற அளவுக்குப் பெருசு பண்ணுங்க. மேல அடச்சதையும் தொறந்து வுடுங்க. ஐப்பசில வர்றேன்."

"இப்போ வர மாட்டியா?"

"வெயில் காலத்துக்கு இங்கதான். மரம் வளர்ற வரைக்கும் வருசா வருசம் அப்பிடித்தான்."

"எந்த மரம்?"

அவள் போனை வைத்துவிட்டாள். செங்குட்டுவனுக்கு வீட்டு விஷயத்தில் ஒன்றைப் புரிந்துகொள்ள இதைவிடத் தெளிவாகச் சொல்லத் தேவையிருக்கவில்லை, அதிசயம்தான். மறுநாள் பண்ருட்டிக்குப் போய் ஒரு பலாக்கன்றை வாங்கிக்கொண்டு வந்தார். முகப்பில் பழைய அடிமரத்துக்குப் பக்கத்திலேயே குழி வெட்டினார். நிழல் கூரைக்கு எட்டும்போது தனக்கு என்ன வயதாகும் என்று யோசித்தார். யோசித்த பிறகு குழியை இன்னும் கொஞ்சம் ஆழமாக வெட்டினார். மேலே சோலார் கழுவிய தண்ணீரை ஒரு குழாய் போட்டு அந்தக் குழிக்கே திருப்பிவிட்டார். அந்த வீட்டில் பசுமை என்று சொல்லத் தகுந்த முதல் வேலை அதுதான். அதற்கு எந்தக் கமிட்டியும் வரவில்லை.

பட்டம்மாள்தான் வந்தாள். ரோட்டோரம் நின்று, கன்றைப் பார்த்தாள், சுவரில் இருந்த ஓட்டையைப் பார்த்தாள், மண்ணும் வேர்வையுமாக நின்ற அவரைப் பார்த்தாள்.

"இப்பதான் வூடு கட்ட ஆரம்பிச்சிருக்கீங்களா சார்?"

அவர் கன்றைச் சுற்றி மண்ணை அணைத்துக்கொண்டிருந்தார்.

"காய்க்கறப்ப நான் இருப்பனோ, நீங்க இருப்பீங்களோ. இருந்தா மொத காய் எனக்கு. போன மரத்துக் கணக்கும் சேத்து."

செங்குட்டுவன் தலையை ஆட்டினார்.

"தலய ஆட்டாதீங்க. போன தடவயும் அதத்தான் பண்ணீங்க. வாயத் தொறந்து சொல்லுங்க."

அவர் எழுந்து நின்று, வாயைத் திறந்து சொன்னார்.